மதராஸ் சும்மாடு

ரெட்டிபாளையத்தில் என் அத்தை இன்றைக்கும் சும்மாடு வைத்துத்தான் பாரம் தூக்குகிறார். அதற்கென்று மாமாவின் பழைய கைலி ஒன்றைக் கிழித்து வைத்திருக்கிறார். சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகக் கட்டம் போட்ட கைலி. துணியை முறுக்கி இடது கையில் இரண்டு சுற்றுச் சுற்றி நுனியை உள்ளே சொருகினால் வளையம் தயார். பருத்தி எடுக்கிற நாட்களில் அதன்மேல் பருத்தி மூட்டை ஏறும், மற்ற நாட்களில் சோளத்தட்டையோ விறகோ ஏறும். சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு சிமென்ட் ஆலைக்குப் போகும் லாரிகள் கிளப்பும் வெள்ளைப் புழுதி கட்டங்களில் படிந்து, சாயங்காலத்துக்குள் எல்லா நிறமும் சாம்பலாகிவிடும். அத்தை உதறுவார், நிறம் திரும்ப வந்துவிடும்.

இந்தத் துணிக்கு ஒரு மூத்த பங்காளி உண்டு. உலகத்தின் மறுபக்கத்தில், கரீபியன் கடலில், மார்ட்டினிக் என்ற சிறிய தீவில் கறுப்புப் பெண்கள் இருநூறு வருடத்துக்கும் மேலாக அதைத் தலையில் கட்டுகிறார்கள். அவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'மதராஸ்'. சென்னை அந்தப் பெயரை 1996இல் விட்டுவிட்டது. அந்தத் தீவில் அந்தப் பெயர் இன்னும் துணியாக உடுத்தப்படுகிறது. அது அங்கே போய்ச் சேர்ந்த வழியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். வழிநெடுக அழகும் இருக்கிறது, படித்த பிறகு தூக்கம் வராத சங்கதிகளும் இருக்கின்றன.

துணியின் பிறப்பிலிருந்து தொடங்குகிறேன். சோழமண்டலக் கரையில் பழவேற்காடு, சென்னை, அதற்கு வடக்கே சீராலை என்று நீளும் ஊர்களின் குழித்தறிகளில் நெய்த பருத்தித் துணி அது. பாவிலும் ஊடையிலும் முன்னமே சாயம் தோய்த்த நூல். நீலத்துக்கு அவுரி, சிவப்புக்குச் சாயவேர். நூலுக்குக் கஞ்சி போட்டு, தெருவில் நீளப் பாவு விரித்து, வெயில் ஏறுமுன் ஆற்றிச் சுருட்டுகிற வேலை அது. உடையார்பாளையம் பக்கத்துத் தறிக்காரத் தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு அதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. நெய்த துணியைச் சதுரம் சதுரமாக வெட்டி விற்கலாம், ஒரு சதுரம் ஏறக்குறைய ஒரு கெஜம். அதனால்தான் வெள்ளைக்காரர்கள் அதற்குக் கைக்குட்டை என்று பெயர் வைத்தார்கள். மூக்கைத் துடைக்கிற கைக்குட்டையாக நினைக்க வேண்டாம். தோளில் போட, இடுப்பில் கட்ட, தலையில் சுற்றப் போதுமான துணி.

டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் 1613இல் கோட்டை கட்டினார்கள். டேனிஷ்காரர்கள் 1620இல் தரங்கம்பாடிக்கு வந்தார்கள். ஆங்கிலேயர் 1639இல் மதராசில் இடம் வாங்கினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1674இல் புதுச்சேரியில் உட்கார்ந்தார்கள். நாலு பேருக்கும் வேண்டியிருந்தது இந்தக் கரையின் துணிதான். வியாபாரி கம்பெனியிடம் முன்பணம் வாங்குவார், அதைத் தறிக்காரருக்குக் கொடுப்பார், நெய்த துணி மூட்டையாகக் கிடங்குக்கு வரும், அங்கே தரம் பார்த்துக் கழிப்பார்கள். புதுச்சேரி துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பைப் புரட்டினால் யுத்தம், விருந்து, ஜாதகம் இவற்றுக்கு நடுவே துணி மூட்டைகள் வந்துகொண்டே இருக்கும்.

இங்கிருந்து துணி எங்கே போனது என்பதுதான் எனக்குப் பல நாள் பிடிபடாமல் இருந்தது. நேரே கரீபியனுக்குப் போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். முதலில் அது பிரான்சுக்குப் போனது. 1666இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகவே எழுப்பிய லோரியான் என்ற துறைமுகம் அதற்கு இறங்குதுறை. பிரெஞ்சு அரசு தன் நாட்டு நெசவைக் காப்பாற்ற 1686 முதல் 1759 வரை அச்சடித்த இந்தியத் துணிகளை உள்நாட்டில் விற்கத் தடை போட்டிருந்தது. அயல்நாட்டுக்கு மறு ஏற்றுமதி செய்யத் தடையில்லை. லோரியானில் ஏலம் எடுத்த இந்தியத் துணிகள் பக்கத்து நகரமான நாந்துக்குப் போயின. அங்கே கப்பலேறி ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குப் போயின. நாந்து பிரான்சின் மிகப் பெரிய அடிமை வியாபாரத் துறைமுகம்.

ஆப்பிரிக்கக் கரையில் மனிதரை விற்றவர்கள் விலையாகக் கேட்ட பொருள்களில் துப்பாக்கி இருந்தது, சாராயம் இருந்தது, மாலத்தீவுச் சோழி இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாகத் துணி இருந்தது, அதிலும் இந்தியத் துணி. துவைத்தாலும் வெளுக்காத நிறம் அதற்கு. ஐரோப்பியர் அதைப் பார்த்து நெய்த போலியைக் கரைக்காரர்கள் தொட்டுப் பார்த்தே திருப்பிக் கொடுத்தார்கள். இந்தக் கரையின் தறிகளில் நெய்த துணி ஒரு மனிதனின் விலையாக இன்னொரு கையில் மாறியது. தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருந்தவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. தெரியாமல் நடந்தது என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. துணியின் சரித்திரத்தை எழுதும்போது வண்ணத்தையும் வேலைப்பாட்டையும் பாடுகிறோம். நாந்து என்ற அந்த அடிமைத் துறைமுகத்தைத் தாண்டித்தான் அந்த வண்ணம் கரீபியனுக்குப் போனது என்பதை அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

அப்படி விலைக்கு வாங்கப்பட்டவர்கள் இறக்கப்பட்ட ஊர்களில் ஒன்று செயின்ட் பியர். மார்ட்டினிக்கின் வடமேற்குக் கரையில் 1635இல் பிரெஞ்சுக்காரர்கள் போட்ட முதல் குடியிருப்பு. நிர்வாகத் தலைநகரம் 1692இல் தெற்கே போய்விட்டது. ஆனால் பணமும் பவிசும் செயின்ட் பியரிலேயே தங்கின. அந்த ஊருக்குத் துறைமுகச் சுவர் ஒன்றும் கிடையாது. கப்பல்கள் திறந்த விரிகுடாவில் வரிசையாக நங்கூரமிட்டு நிற்கும், சரக்கு படகில் வரும். கரையை ஒட்டிய பெர்த்தேன் சதுக்கம் முழுக்கச் சர்க்கரைப் பீப்பாயும் ரம் பீப்பாயும் உருளும். மஞ்சள் பூசிய சுவர்கள், சிவப்பு ஓடுகள், மலையிலிருந்து வரும் தண்ணீர் தெருவோரக் கால்வாய்களில் இரவும் பகலும் சலசலத்து ஓடும் சத்தம். 1786இல் போர்தோ நகரத்து நாடக அரங்கை மாதிரியாக வைத்து எண்ணூறு பேர் உட்காரும் அரங்கம் கட்டினார்கள். பின்னாளில் குதிரை டிராமும் மின்விளக்கும் வந்தன. கரீபியனின் பாரிஸ் என்று அந்த ஊருக்குப் பட்டப்பெயர். ஊருக்கு வடக்கே, தலைக்கு மேலே நிற்பதுபோல் ஒரு எரிமலை. பெயர் பெலே. வழுக்கை மலை, மொட்டை மலை என்று அர்த்தம் கொள்ளலாம்.

இத்தனை பவிசும் கரும்புத் தோட்டத்தில் அடிமைகள் சிந்திய ரத்தத்தில் வந்தது. 1685இல் பிரெஞ்சு அரசர் பிறப்பித்த கறுப்புச் சட்டம் அடிமைக்கு வருடத்துக்கு எவ்வளவு துணி கொடுக்க வேண்டும் என்றுகூட எழுதி வைத்திருக்கிறது. இரண்டு உடுப்பு, இல்லையென்றால் நாலு முழக்கோல் துணி. 1720இல் மார்ட்டினிக்கில் இன்னொரு உத்தரவு வந்தது. அடிமைகளும், விடுதலை பெற்ற கறுப்பு, கலப்பு இனத்தாரும் பகட்டாக உடுத்தக் கூடாது. பட்டு, சரிகை, லேஸ் எல்லாவற்றுக்கும் வரம்பு. இதே போக்கில் 1786இல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் கறுப்புப் பெண்கள் தலைமுடியைத் துணியால் மூடிக் கட்ட வேண்டும் என்று ஆளுநர் உத்தரவு போட்டார்.

தலையை மூடு என்றால் மூடினார்கள். எதைக் கொண்டு மூடுவது என்பதை அந்தப் பெண்களே தீர்மானித்தார்கள். சந்தையில் கிடைத்த துணிகளில் கண்ணைப் பறிக்கும் கட்டம் எதுவோ அதை எடுத்தார்கள். அதுதான் மதராஸ். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் காய் விற்ற காசில் ஒரு அடிமைப் பெண் வாங்கக்கூடிய ஆடம்பரம் அது. மடித்து, இழுத்து, நுனியைக் கொம்புபோல் நிமிர்த்தி ஒரு கட்டு. ஒரு கொம்பு என்றால் மனம் காலியாக இருக்கிறது, இரண்டு என்றால் ஆள் இருக்கிறார், மூன்று என்றால் கல்யாணம் ஆகிவிட்டது என்று இன்றும் தீவுக்கு வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்கிறார்கள்.

இந்தத் துணிக்கு அங்கே ஒரு மறுபிறப்பு நடந்தது. நான் படித்த எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வந்து இறங்கிய துணியின் மஞ்சள் அவர்களுக்குப் போதவில்லை. அதற்கென்றே செயின்ட் பியரில் ஒரு தொழில் வளர்ந்தது. ஒரு பெண் துணியை விரித்துவைத்து, மஞ்சள் சாயத்தைப் பிசினோடு குழைத்து, மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு மஞ்சள் கோட்டின் மேலும் கையாலேயே தீட்டுவாள். துணி விறைத்துப் பளபளக்கும். அப்படித் தீட்டிய துணியைத் தலையில் ஒருமுறை கட்டி முடித்தால் தொப்பிபோல் அப்படியே நிற்கும். ஒரு தறிக்காரர் சோழமண்டலத்தில் நூலாகப் போட்ட கோட்டை, பத்தாயிரம் மைலுக்கு அப்பால் முகம் தெரியாத ஒருத்தி திரும்பவும் வரைந்தாள். 1887இல் அங்கே போய் ஏறத்தாழ இரண்டு வருடம் தங்கியிருந்த லாஃப்காடியோ ஹெர்ன் என்ற எழுத்தாளர் 1890இல் வெளியிட்ட புத்தகத்தில் இந்தத் தொழிலை வியந்து எழுதியிருக்கிறார். பிறகு ஜப்பானுக்குப் போய்ப் பெயர்பெற்றவர் அவர்தான்.

அவர் எழுதியதில் என்னைப் பிடித்து நிறுத்தியது இன்னொரு பகுதி. மலைக் கிராமங்களுக்குச் செயின்ட் பியரிலிருந்து சரக்கு சுமந்து போகும் பெண்கள். வண்டி போகாத பாதையில், வெறுங்காலோடு, பெரிய தாம்பாளம்போன்ற மரத்தட்டைத் தலையில் ஏற்றி நாள் முழுக்க நடப்பார்கள். சிறுமியாக இருக்கும்போதே தலையில் சின்னப் பாரம் வைத்துப் பழக்கிவிடுவார்கள். தட்டுக்கும் தலைக்கும் நடுவே சுருட்டிய துணி வளையம் ஒன்று. அதற்கு அவர்கள் மொழியில் ஒரு பெயர் இருக்கிறது, அதன் தமிழ் எனக்குப் படிக்கும்போதே தெரிந்துவிட்டது.

துணி போய்ச் சேர்ந்து தலைமுறைகள் கடந்த பிறகு, துணி நெய்த மண்ணின் ஆட்களும் அங்கே போனார்கள். 1848 மே 22ஆம் தேதி செயின்ட் பியரில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். பாரிஸில் கையெழுத்தாகியிருந்த விடுதலை உத்தரவு கப்பலில் வந்துசேருமுன் அவர்களே விடுதலையை வாங்கிவிட்டார்கள். எழுபதாயிரம் பேர் அளவுக்குச் சுதந்திர மனிதர்கள் ஆனார்கள். கரும்பு வெட்ட ஆள் வேண்டும், குறைந்த கூலிக்கு வேண்டும் என்று தோட்ட முதலாளிகள் புதுச்சேரி பக்கம் திரும்பினார்கள். 1853 மே 6ஆம் தேதி 'ஒரேலி' என்ற கப்பல் 313 இந்தியர்களோடு மார்ட்டினிக்கை அடைந்தது. அன்று கரையில் வேடிக்கை பார்த்த கூட்டத்தில் மதராஸ் கட்டிய தலைகள் நிறையவே இருந்திருக்கும். இறங்கியவர்கள் கண்ணில் முதலில் பட்டது தங்கள் ஊர்க் கட்டமாகவும் இருந்திருக்கலாம். இதை நான் கற்பனையாகத்தான் சொல்கிறேன், ஆனால் அந்தக் காட்சி என்னை விடுவதில்லை.

1853 முதல் 1883 வரை மார்ட்டினிக்குக்கு 25,000 பேருக்கு மேல் போனார்கள். பக்கத்துத் தீவான குவாதலூப்புக்கு 1854 முதல் 1889 வரை 42,000 பேருக்கு மேல். புதுச்சேரியும் காரைக்காலும் ஏற்றுத்துறைகள், ஐந்து வருட ஒப்பந்தம். 1861இல் ஆங்கில அரசும் பிரெஞ்சு அரசும் உடன்படிக்கை செய்தபின் பிரிட்டிஷ் ஜில்லாக்களிலும் ஆள் பிடிக்க அனுமதி கிடைத்தது. தஞ்சாவூர், தென்னாற்காடு, எங்கள் ஊர் அன்று சேர்ந்திருந்த திருச்சி என்று காவிரி, கொள்ளிடக் கரை மாவட்டங்களில் பசியும் பஞ்சமும் மேஸ்திரிகளின் வேலையைச் சுலபமாக்கின. 1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தைப் பற்றி இந்தப் பக்கத்துக் கிழவிகள் சொன்ன கதைகளைக் கேட்டவர்களுக்கு, ஒரு வேளைச் சோற்றுக்குக் கப்பலேறியவரைக் குறைசொல்ல மனம் வராது. மார்ட்டினிக் போனவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே திரும்பினார்கள். மற்றவர்களில் கணக்கற்றோர் அங்கேயே மாண்டார்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. துணிக்கு அந்த ஊரில் மரியாதை கிடைத்தது. மதராஸ் கட்டாத கல்யாணம் இல்லை, திருவிழா இல்லை. ஊரைவிட்டுப் போகும் காதலனை நினைத்து ஒரு பெண் பாடும் பழைய பாட்டில்கூட அந்தத் துணிக்கு இடம் இருக்கிறது. துணியோடு ஒட்டிப்போன ஊர்ப்பெயரை யாரும் உருவவில்லை. ஆளுக்கோ கூலி என்ற ஒரே பெயர்தான். தோட்டத்திலிருந்து வெளியேறியவர்கள் தலைநகரின் தெருக்களைக் கூட்டிச் சாக்கடை அள்ளிப் பிழைத்தார்கள். அந்த வேலையை வைத்தே இழிசொல்லும் பிறந்தது. அப்பன் பெயர் பதிவேட்டில் குடும்பப் பெயராக உறைந்தது. ராமசாமி, முத்துசாமி, வீரப்பன் எல்லாம் பிரெஞ்சு எழுத்தில் நெளிந்து இன்றும் அங்கே வீட்டுக் கதவுகளில் இருக்கின்றன. கிராமம் எது, தாலுகா எது என்பது பேரப்பிள்ளைகளின் நாவிலிருந்து போய்விட்டது.

ஒரு ஊர்ப்பெயர் மட்டும் ஆளோடு தங்கியது. குவாதலூப்பில் 1863இல் பிறந்த ஆன்ரி சிதம்பரம். அங்கே எழுதுவது சிதாம்பரோம் என்று. 1904இல் இந்திய வம்சாவளியினரின் பெயர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கப் போனவரை அரசு எதிர்த்தது, இவர்கள் பிரெஞ்சுக் குடிமக்கள் இல்லை என்றது. அவர் விடவில்லை. வழக்கு நடந்தது, ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை, 1923 வரை. அதன்பின்தான் அங்கே பிறந்த இந்தியர்களுக்குக் குடியுரிமை நிலைத்தது. 1952இல் அவர் காலமானார். எங்கள் ஊரிலிருந்து கிழக்கே பஸ்ஸில் போனால் வருகிற சிதம்பரம், அந்தத் தீவில் ஓட்டுரிமையின் பெயராக இருக்கிறது.

சாமிகளும் போயின. மாரியம்மன் 'மலியேமேன்' ஆனாள். மதுரைவீரன் 'மல்தேவிலேன்' ஆனார். காரைக்காலுக்குப் பக்கத்து நாகூர் ஆண்டவரும் கடல்வழிக்குத் துணையாகப் போய், 'நாகுர்மீரா' என்ற பெயரில் மாரியம்மன் கோயிலிலேயே கொடி ஏற்றிக்கொண்டார். மதமெல்லாம் பார்க்காமல் நடுக்கடலில் கும்பிட்டவர்களின் நன்றி அது. மத்தளம், தாளம், பூசாரி, வேப்பிலை என்ற சொற்களைக் கேட்டால் நமக்கே புரியும். மசாலா போட்டு வைக்கும் ஆட்டுக்கறிக்கு அங்கே 'கொலொம்போ' என்று பெயர், தீவின் தேசிய உணவே அதுதான் என்பார்கள். குழம்பு என்ற சொல்தான் அது என்று பலர் சொல்கிறார்கள், கொழும்பு என்று சொல்வோரும் உண்டு. வாசனையை நம்பி நான் குழம்பின் பக்கம் நிற்கிறேன்.

செயின்ட் பியருக்குத் திரும்புகிறேன். 1902 மே 8. யேசு விண்ணேற்றத் திருநாள், காலை எட்டு மணி கடந்து இரண்டு மூன்று நிமிடம். சில வாரங்களாகவே மொட்டை மலை புகைந்துகொண்டிருந்தது. சாம்பல் தெருவில் படிந்தது, பறவைகள் விழுந்தன. ஆனால் அந்த ஞாயிறு தேர்தல் இருந்தது, ஊர் காலியாகவில்லை. சுற்றுக் கிராமங்களிலிருந்து பயந்து ஓடிவந்தவர்களும் நகரத்தில்தான் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். மலை பிளந்து தீக்குழம்பு ஓடிவரவில்லை. கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கலந்த மேகம் ஒன்று சரிவில் உருண்டு இறங்கி, ஓரிரு நிமிடத்தில் ஊரை முடித்துவிட்டது. இறந்தவர்கள் சுமார் 28,000 பேர். தடித்த கல்சுவர் சிறையறையில் அடைபட்டிருந்த சிபாரிஸ் என்பவரும், ஊர் ஓரத்தில் இருந்த செருப்புத் தைக்கும் ஒருவரும் பிழைத்த மிகச் சிலரில் அடங்குவர். விரிகுடாவில் நின்ற கப்பல்களும் எரிந்து மூழ்கின. அவற்றின் எலும்புக்கூடுகள் இன்னும் கடலடியில் கிடக்கின்றன.

மஞ்சள் கோடு தீட்டும் பெண்களும் அந்தச் சாம்பலில் போனார்கள். ஊர் மறுபடி எழுந்தபோது சின்னதாகவே எழுந்தது, இன்று நாலாயிரம் பேர் அளவுக்கு வாழ்கிறார்கள். நாடக அரங்கின் படிக்கட்டு மட்டும் வானத்தைப் பார்த்து ஏறி நிற்கிறது. தலைநகரான ஃபோர்-த-ஃபிரான்ஸ் வியாபாரத்தையும் எடுத்துக்கொண்டது. 2023இல் பெலே மலையும் அதைச் சுற்றிய காடுகளும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன.

துணி சாகவில்லை. பக்கத்து டொமினிக்கா, செயின்ட் லூசியா தீவுகளில் தேசிய உடையே மதராஸ்தான். ஜமைக்காவில் அதன் சொந்தக்காரத் துணிக்கு 'பண்டானா' என்று பெயர். ஆப்பிரிக்கக் கரையிலும் அது மறையவில்லை. நைஜீரியாவின் கலபாரி மக்கள் நம் கட்டத்துணியில் சில இழைகளை மட்டும் பிளேடால் அறுத்து உருவிப் புதிய சித்திரத்தை எடுக்கிறார்கள். புனித ஜார்ஜ் கோட்டையின் நினைவாக அங்கே ஒரு துணிவகைக்கு 'ஜார்ஜ்' என்றே பெயர். ஒரு காலத்தில் மனிதருக்கு விலையாக இறங்கிய அதே கரையில் இன்று பிறப்புக்கும் இறப்புக்கும் அதை விரிக்கிறார்கள். அமெரிக்காவில் 1950களின் கடைசியில் சாயம் கசியும் மதராஸ் சட்டை பெரிய மோஸ்தராக இருந்தது. துவைக்கத் துவைக்க நிறம் மாறும் என்றே விளம்பரம் செய்து விற்றார்கள். வெளுக்காத நிறத்துக்காக உலகம் தேடி வந்த கரையின் துணிக்கு இது நியாயமில்லை என்று எனக்குப் படுகிறது. அதற்குமேல் அந்தச் சட்டையைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, 1900 வாக்கில் செயின்ட் பியரில் எடுத்த இரண்டு பழைய அஞ்சல் அட்டைப் படங்களை போனில் காட்டினேன். அத்தை களத்துமேட்டில் உட்கார்ந்து பருத்தியில் சருகு பொறுக்கிக்கொண்டிருந்தார். கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார்.

முதல் படத்தில் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். கழுத்தில் தங்க மணிமாலை, தலையில் கொம்பு நிமிர்ந்த மதராஸ்.

"நம்ம கைலிக் கட்டமால்ல இருக்கு. இது எந்த ஊருப் புள்ள?"

சொன்னேன். கடல் தாண்டி என்றதும் அவர் மலைக்கவில்லை. முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்புடி முடிச்சு போட்டா மேல பாரம் நிக்காதுப்பா. இவ தூக்குறவ இல்ல."

அடுத்த படத்தைத் தள்ளினேன். மலைப்பாதை, வெறுங்கால், பாவாடையை இடுப்பில் ஏற்றிச் சொருகிய ஒரு பெண். தலையில் பெரிய மரத்தட்டு, கை பிடிக்காமலே நிற்கிறது. அத்தை போனைக் கண்ணருகே கொண்டுபோனார். தட்டுக்கு அடியில் துணி சுருண்டிருந்த இடத்தில் விரலை வைத்தார். படம் பெரிதாகிக் கலங்கியது.

"இந்தா, சும்மாடு வச்சிருக்கா பாரு," என்றார். "எவ்ளோ தூரம் போவணுமாம் இவளுக்கு?"